எச்சில் தராதவள்

தாழக்குடி
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் தொடங்க வேண்டுமாம். உன் நலம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்த அம்மாவும் அப்பாவும், நீ ஒரு தோசை கூடுதலாகத் தின்றதை நேற்று வரை பேசிக்கொண்டிருந்தார்கள். என் நலம்தான் இந்த வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

உங்கள் மனநல இல்லத்தில் மொபைல் கூடாது என்பதால் இந்தக் கடிதம். மூன்று வருஷம் மொபைல் கடையில் இருந்தவனை மொபைலே இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதுவும் குளச்சல் மீன் வாடையில். உனக்கு நெத்திலிகூடப் பிடிக்காது.

ஜூன் மாதம் நீ போனதிலிருந்து இங்கே ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது: நந்தனா தனியாகச் சிரிக்கக் கூடாது. போன வாரம் அத்தைக்குக் காப்பியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டேன். முன்பென்றால் அகப்பை பறந்து வந்திருக்கும். இப்போது அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா வந்து என் நெற்றியில் கை வைத்தாள். "பிள்ளே, ராத்திரி ஒறங்கினியா?" என்று கேட்டாள். அத்தைகூட அந்தக் காப்பியை மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டாள். அடி விழாத வீடு எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா?

இன்னொரு செய்தி. உன் டாக்டர் சொல்லி ஒரு ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஜெனிலா அக்கா வந்தாள். ஸ்கூட்டர், பெரிய பை, பை நிறையச் சின்னச் சின்னக் குழாய்கள். இந்த நோய் இருக்கிற வீடுகளில் எல்லாரும் குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டுமாம். அம்மா துப்பினாள், அப்பா துப்பினார். அதோடு நிற்கவில்லை. "இது ஒங்க அம்மைக்க பக்கத்துல இருந்து வந்ததாக்கும். எங்க குடும்பத்துல அப்பிடி ஒருத்தன் கெடையாது" என்று அத்தை ஆரம்பித்தாள். "எங்க பக்கம் எல்லாரும் நல்ல தெளிஞ்ச ஆளுகளாக்கும்" என்று அம்மா சொன்னாள். குழாயடிச் சண்டை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே போட்டதைப் பார்த்தேன்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'பூர்வீகம்' என்ற இடத்தில் 'அப்பா வழி நெல், அம்மா வழி ரப்பர்' என்று எழுதினேன். ஜெனிலா அக்கா சிரித்துவிட்டு அடித்துத் திருத்தினாள்.

நான் இன்னும் துப்பவில்லை. வாய் வறண்டு போயிருந்தது. முப்பதாம் தேதி மறுபடி வருவாளாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

நந்தனா


குளச்சல்
12 ஆகஸ்ட்

ஏட்டி நந்தனா,

கடிதம் வந்தது. மூன்று முறை வாசித்தேன். மாத்திரை காரணமாக எழுத்து ஒவ்வொன்றாகத்தான் மூளைக்குள் இறங்குகிறது. கை நடுங்குவதால் என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

இங்கே காலை ஆறு மணிக்குப் பால்காப்பி. பிறகு தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர். பிறகு சும்மா. சும்மா இருப்பதுதான் கடினமான வேலை. கால் தானாக நடக்கச் சொல்கிறது. மதிலை ஒட்டிப் போய்த் திரும்பி வந்தால் நூற்றெட்டு எட்டு.

ஜெனிலா இங்கேயும் வந்தாள். என்னிடமும் எச்சில் வாங்கினாள். "ஒங்க வீட்டுல ஒரு குழாய் மட்டும் காலியா இருக்கு தம்பி" என்றாள். பல் தேய்க்கும்போதே வாசலைத் தாண்டித் துப்புகிறவள் நீ. உனக்கு எச்சில் வற்றியது என்றால் நான் நம்ப வேண்டுமா?

ஏழு ஞாயிறு ஆயிற்று. அம்மா வந்தாள், அப்பா வந்தார், அத்தைகூட முறுக்கோடு வந்தாள். நீ வரவில்லை. முதலில் பரீட்சை என்றார்கள், பிறகு வயிற்றுவலி என்றார்கள், போன வாரம் ஒன்றும் சொல்லவில்லை.

என்னைப் பார்க்கப் பயமாக இருந்தால் பயம் என்று எழுது. அதற்காகக் கோபப்பட மாட்டேன். சொல்லாமல் இருப்பதற்குத்தான் கோபம்.

ரதீஷ்


தாழக்குடி
16 ஆகஸ்ட்

அண்ணா,

வயிற்றுவலி உண்மை. வயிற்றில் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதே.

நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு துப்பறியும் கதை சொல்கிறேன். துப்பாதவள் துப்பறிந்த கதை.

படிவத்தில் மூன்று தலைமுறைக்கு வம்ச மரம் வரைய வேண்டும். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. அப்பா பக்கத்தில் நீலகண்டன் தாத்தா, அப்பாவுக்குச் சித்தப்பா, 'பம்பாய்க்குப் போனவர்'. அம்மா பக்கத்தில் பகவதியப்பன் மாமா, அம்மாவுக்கு மூத்த அண்ணன், 'மஸ்கட்டுக்குப் போனவர்'. நாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் கேட்டிருக்கிறோம். இந்த ஊரில் வெளியூர் போனவன் என்றால் ஒரு சென்ட் பாட்டிலாவது வந்திருக்க வேண்டாமா? ஒரு போட்டோ?

அத்தையிடம் போனேன். "அத்தே, வெளியூர்ல இருக்கவங்களுக்குக் குழாயக் கூரியர்ல அனுப்பணுமாம். பம்பாய் அட்ரஸ் தாங்க" என்றேன். பொய்தான். ஜெனிலா அக்கா அப்படியொன்றும் கேட்கவில்லை. அத்தை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். கீரையை விட்டுவிட்டுக் காம்பைப் பாத்திரத்தில் போட்டாள்.

"பம்பாயும் இல்ல ஒண்ணும் இல்ல. திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரியில பதினோரு வருசம் கெடந்தாரு. அங்கயே போய்ச் சேந்தாரு. நீ இத ஒங்க அம்மைக்கிட்ட போய்ச் சொல்லாத கேட்டியா."

நேற்று சுதந்திர தின லீவில் பஸ் பிடித்துத் திற்பரப்புக்கு, சின்ன மாமா வீட்டுக்குப் போனேன். எச்சில் கையால் காக்காய் விரட்டாத மாமா. அவரிடம் போய் எச்சிலையே கேட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். அதனால் கேட்கவில்லை. மஸ்கட் அட்ரஸ் மட்டும் கேட்டேன். அவர் அருவிப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, "அது... கம்பெனி மாறிட்டான்" என்றார். "எந்தக் கம்பெனி?" "சும்ம இரிட்டி" என்றார். உள்ளேயிருந்து மாமி வந்து சொன்னாள்: "மூத்தவரு தனக்குத்தானே பேசிக்கிட்டு நடந்தாரு மக்கா. ஒரு நாளு எறங்கிப் போனாரு. இருவத்தி ரெண்டு வருசமாச்சு. யாரு கேட்டாலும் மஸ்கட்டுன்னு சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது மஸ்கட்டாயிப் போச்சு."

ஆக, ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் சமன். இரண்டு கட்டத்தையும் கறுப்பாக்கிவிட்டேன். அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குத் தன் அண்ணனைப் பற்றி எல்லாம் முன்பே தெரியும். அதனால்தான் நான் சிரிக்கும்போதெல்லாம் அவள் கை ஓடி வருகிறது. அவள் என்னைப் பார்ப்பதில்லை. என் வழியாக இன்னொருவரைப் பார்க்கிறாள்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உனக்கு அது எப்படி ஆரம்பித்தது? முதல் நாள், முதல் சத்தம். யார் குரல்? சரியாக எந்த மாதம்?

மாதம் முக்கியம்.

நந்தனா


குளச்சல்
20 ஆகஸ்ட்

நந்தனா,

மஸ்கட் மாமாவை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்ன வயதில் அவர் வரும்போது ரிமோட் கார் கொண்டுவருவார் என்று அம்மா சொல்வாள். நான் ஏழாம் வகுப்பு வரை காத்திருந்தேன்.

முதலில் குரல் வரவில்லை. போன வருஷம் அக்டோபரில், கடையில் டிவி ஓடும்போது அதில் வருகிறவர்கள் எனக்குத் தெரிந்த விஷயத்தை ஒளித்துப் பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு தூக்கம் போயிற்று. பிறகு கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்று தோன்றியது. குரல் வந்தது அதற்கும் பிறகு. இரண்டு பேர். நான் செய்வதை எல்லாம் வாசித்துச் சொல்வார்கள். 'இப்போ ஸ்குரூவ எடுக்கான். இப்போ பயப்படுகான்.' எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று நினைத்தேன். ஜூனில் முட்டத்துக் கடற்பாறையில் உச்சி வெயிலில் நின்றவனை வலைக்காரர்கள் பிடித்து வந்ததுதான் உங்களுக்கெல்லாம் முதல் நாள். எனக்கு அது கடைசி நாள்.

என் அறையில் ஞானதாசன் என்று ஒரு அண்ணன். மீன்பிடி வள்ளத்துக்குப் போனவர். அவருடைய குரல்கள் கடல்புறத்துத் தமிழில் திட்டுமாம். என்னுடையவை சுத்த நாஞ்சில் தமிழ். ஜெனிலாவிடம் கேட்டேன்: "அவரு கடல்காரரு, நான் வயல்காரன், ரெண்டு பேருக்கும் எப்பிடி அக்கா ஒரே சீக்கு?"

அவள் சொன்னது இது. இந்த நோய்க்கென்று ஒரே ஒரு விதை கிடையாது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசங்கள். ஒவ்வொன்றும் ஒரு கடுகளவு. எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஐரோப்பாக்காரர்களிடம் பார்த்ததையும் சீனா, ஜப்பான் பக்கத்து ஆட்களிடம் பார்த்ததையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றாகவே வருகிறதாம். "மனுசங்க பிரிஞ்சு பிரிஞ்சு போறதுக்கு முந்தியே கையில இருந்த சாமானம் தம்பி. போன எடமெல்லாம் கூட எடுத்துக்கிட்டே போயிருக்காங்க. நம்ம பக்கத்து ஆளுகள இதுவரைக்கும் கொஞ்சமாத்தான் சேத்துருக்கு, அதுக்குத்தான் இந்த அலைச்சல்" என்றாள். அத்தையிடம் சொல். வம்ச நோயிலும் தனி வம்சம் கிடையாதாம்.

இன்னொன்றும் கேட்டேன், உனக்காக. கூடப்பிறந்தவர்களுக்கு வர வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. மீதி ஒன்பது வராமல் இருக்க. உன் வாழ்க்கையில் படிக்காமல் கிடைத்த தொண்ணூறு மார்க் இதுதான், வைத்துக்கொள்.

நீ தனியாகச் சிரிக்கும்போது உனக்கு ஒரு நகைச்சுவை தெரிகிறது. நான் சிரித்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் வித்தியாசம்.

இப்போது நீ சொல். மாதம் எதற்கு?

ரதீஷ்


தாழக்குடி
25 ஆகஸ்ட்

அண்ணா,

இதை நாலு முறை கிழித்து ஐந்தாவது முறை எழுதுகிறேன். கணக்கு நோட்டு மெலிந்துவிட்டது. அம்மா கதவைத் திறந்து திறந்து பார்க்கிறாள். நான் நடந்துகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

என் பிறந்தநாளுக்கு நீ பழைய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைத் திருத்திக் கொடுத்தாயே. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த அடுத்த வாரம், உன் அறை மச்சில் கவிழ்த்து வைத்திருக்கிற செம்பு அண்டாவுக்குள் அதை வைத்தேன். குரலை மாற்றுகிற ஆப் ஒன்று போனில் இருந்தது. நான் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தடித்த ஆள் பேசுகிற மாதிரி கேட்கும். அண்டாவுக்குள் என்றால் இன்னும் ஜோர். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு வருகிற நேரம், நீ சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது, கொல்லை வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினேன்.

"ரதீஷே... நான் மேல இருந்து பேசுகேன். ஒனக்க நீலச் சட்டைய நந்தனாவுக்குக் குடு."

மூன்று நாள். மூன்று நாளும். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ஏமாந்துவிட்டாய் என்று நினைத்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று நீயே சொன்ன பேட்டரி மூன்று நாள் தாங்கியது. தப்புக்கும் துணைவருகிற தெய்வம் எது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், "வெளிய வாலே" என்றேன்.

மறுநாள் நீ வெளியே போனாய். முட்டத்துக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம், "இவருக்குக் குரல் கேக்குது" என்றார். எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும் எந்தக் குரல் என்று கேட்க முடியாமல் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து வெளியேதான் நிற்கிறேன்.

நீ அக்டோபர் என்று எழுதியதை வாசித்து முதலில் உயிர் வந்தது. பிறகு நினைத்தேன், எரிகிற அடுப்பாக இருந்தாலும் எண்ணெய் ஊற்றினவள் ஊற்றினவள்தானே. நீ அக்டோபர் என்று சும்மா எழுதியிருக்கவும் கூடும், எனக்காக.

இந்தக் குழாய் தனியாக ஒருத்தியைப் பற்றி எதுவும் சொல்லாது, ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்தால்தான் ஏதாவது தெரியும் என்று ஜெனிலா அக்கா சொல்லிவிட்டாள். ஆனால் எனக்கு அது பேசுகிறது. நோய் ரத்தத்தில் வந்தது என்றால், அடுத்தது நான். ரத்தத்தில் வரவில்லை என்றால், நான்தான் காரணம். மல்லாந்து படுத்துத் துப்பினால் எங்கே விழும்? எந்தப் பக்கம் துப்பினாலும் என் மார்மேல்தான்.

ஐந்து நாள் இருக்கிறது. நீ கோபமாகவே எழுது. ஆனால் எழுது.

நந்தனா


குளச்சல்
27 ஆகஸ்ட்

ஏட்டி கழுதை,

சிஸ்டரிடம் கெஞ்சி இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தெரியும்.

முதல் நாளே தெரியும். மாதக் கணக்காகக் குரல் வருகிற இடத்தைத் தேடியவன் நான். சுவிட்சு போர்டைக் கழற்றிப் பார்த்தேன், தலையணையைப் பிரித்துப் பார்த்தேன், கடையில் இருக்கிற போனையெல்லாம் அணைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எப்போதும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அண்டாவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஏறிப் போய் அண்டாவைப் புரட்டினேன். உள்ளே பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. நான் ஒட்டின டேப், நான் போட்ட பேட்டரி.

நந்தனா, அந்த எட்டு மாதத்தில் என் கைக்குத் தட்டுப்பட்ட ஒரே குரல் அதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு மச்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நிஜமான குரல் ஒன்று எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. நிஜக் குரலுக்கு நடுவில் மூச்சு வாங்கும். சிரிப்பு வந்தால் பேச்சு நின்றுவிடும். நீலச் சட்டை கேட்கும். என் ஆட்கள் சிரிப்பதற்காக ஒருநாளும் நிறுத்தியதில்லை, சட்டையும் கேட்டதில்லை.

எனக்குள் பேசுகிறவர்கள் யார், வெளியே பேசுகிறவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்க அந்த மூன்று மத்தியானமும் உதவின. டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இதையெல்லாம் விளையாட்டாகச் செய்யக் கூடாது என்றும் சொன்னார். அது உனக்கு. இன்னொரு வீட்டில், இன்னொரு அண்ணன் அண்டாவைப் புரட்டாமல் போயிருக்கலாம். இனி இந்த விளையாட்டு வேண்டாம். இதற்கு மட்டும் அகப்பை என் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்.

"வெளிய வாலே" என்றாய். வந்தேன். கொல்லை வரைக்கும் வந்தேன். வேப்பமரத்துக்குப் பின்னால் இரண்டு கால் தெரிந்தது, ஒரு காலில் அம்மாவின் செருப்பு, ஒரு காலில் உன் செருப்பு. பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். முட்டத்துக்குப் போகச் சொன்னவர்கள் மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது என் கணக்கு. அதில் பங்கு கேட்டு வராதே.

பேட்டரியைப் பற்றி எழுதியிருந்தாய். நாலு மணி நேரம்தான் தாங்கும், நான் சொன்னது சரி. இரண்டு நாளும் சாயங்காலம் நீ டியூஷன் போன பிறகு எடுத்து சார்ஜ் போட்டு வைத்தவன் நான்.

போய்த் துப்பு.

ரதீஷ்


தாழக்குடி
30 ஆகஸ்ட்

அண்ணா,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. ஜெனிலா அக்கா பத்தரைக்கே வந்துவிட்டாள்.

அரை மணி நேரமாகக் குழாயை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு வரவில்லை. "நெல்லிக்காய நெனச்சுக்கோ" என்றாள் அக்கா. "மாங்கா ஊறுகாய நெனச்சுக்கோ" என்றாள் அத்தை, ஊறுகாய் ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்து. வாய்க்குள் ஆடி மாசத்துக் காற்றுதான் அடித்தது.

தபால்காரர் மணி அடித்தார். வாசலிலேயே நின்று பிரித்தேன். வாசித்தேன். சார்ஜ் போட்ட இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வாயில் எச்சில் ஒழுக. ஓடிப் போய்க் குழாயை எடுத்தேன். கோடு வரைக்கும் நிறைந்து நுரைத்து நின்றது. அக்கா மூடியைத் திருகிப் பெயர் எழுதி ஒட்டினாள். கட்டம், வட்டம், நெல், ரப்பர், கடல் எல்லாருடைய எச்சிலும் ஒரே பைக்குள் போயிற்று. ஸ்கூட்டர் திரும்பி ஆரல்வாய்மொழிப் பக்கம் போனது.

திருவோணத்தன்று பார்க்க விடுவார்களாம். வருகிறேன். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறேன். அது ஜூலையிலிருந்தே என்னிடம்தான் இருக்கிறது.

அக்கா போன பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள், கை நெற்றிக்கு வந்துகொண்டே இருந்தது. நடுவழியில் அந்தக் கையில் உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தாள். அண்டா வந்த இடத்தில் அழுதாள். செருப்பு வந்த இடத்தில், "அன்னைக்கு அத நான் எங்கல்லாம் தேடினேன்" என்றாள். சார்ஜர் வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்தினாள், முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், பக்கத்தில் நானும்.

சத்தம் கேட்டு வயலிலிருந்து அப்பா வந்தார். சேற்றுக் காலோடு வாசலில் நின்று, தரையில் உட்கார்ந்து சிரிக்கிற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் நெற்றியை முதலில் தொட்டுப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நந்தனா